ஐம்பத்தெட்டேகால் மார்க்

நேயர்களுக்கு வணக்கம். பங்குச்சந்தை புரோக்கர் அலுவலகங்களில் டீலராக, அதாவது வாடிக்கையாளருக்காக ஆர்டர் போடுகிறவராகச் சேருகிற பிள்ளைகளுக்கு ரொம்ப காலமாக வகுப்பு எடுத்து வருகிறேன். அந்த வேலையில் டெரிவேட்டிவ்ஸ் பக்கம், அதாவது பங்கு விலையை ஒட்டி மதிப்பு மாறும் ஒப்பந்தங்களில், ஆர்டர் போட வேண்டுமென்றால் ஒரு தேர்வு எழுதியாக வேண்டும். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி தொடங்கிய என்.ஐ.எஸ்.எம். நிறுவனம் நடத்தும் எட்டாம் வரிசைத் தேர்வு, ஈக்விட்டி டெரிவேட்டிவ்ஸ். 100 கேள்வி, இரண்டு மணி நேரம், 60 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்குக் கால் மார்க் போய்விடும். எழுதி முடித்ததும் கணினித் திரையிலேயே மதிப்பெண் வந்து நிற்கும். அழக்கூட அவகாசம் தராத தேர்வு.

இதில் தவறிவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “சார், நல்லாத்தான் படிச்சேன்.” நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். எத்தனை கேள்வியைத் தொடாமல் விட்டீர்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், எந்தக் கேள்வி தவறு என்று உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். ஆனால் விட்ட எண்ணிக்கை நினைவிருந்தால் எத்தனை சரி, எத்தனை தவறு என்று வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். அடுப்படியில் நின்று கேட்பவர்கள் பேனா தேட வேண்டாம், மெதுவாகவே சொல்கிறேன்.

ஒரு பெண் வந்தார். 58.25. ஐம்பத்தெட்டேகால்! வீட்டில் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். 33 கேள்வியை விட்டிருக்கிறார். அப்படியானால் எழுதியது 67. 67-க்கும் 58.25-க்கும் இடைவெளி எட்டேமுக்கால். ஒவ்வொரு தவறுக்கும் கிடைக்காத ஒன்றும் போகிற காலும் சேர்த்து ஒன்றேகால். எட்டேமுக்காலில் ஏழு ஒன்றேகால் இருக்கிறது. ஆக, 60 சரி, 7 தவறு. ஏழு கால் ஒன்றேமுக்கால், அறுபதில் அது போனால் ஐம்பத்தெட்டேகால். கணக்கு பொருந்துகிறதா? அதே வாரம் ஒரு தம்பி வந்தார். அவர் நூறையும் எழுதியவர், மதிப்பெண் 50. அவருக்கும் 60 சரி. மீதி நாற்பதும் தவறு, அதற்குப் பத்து மார்க் போய்விட்டது.

மறுபடி சொல்கிறேன், இரண்டு பேருக்கும் சரியானது அதே அறுபது. ஆனால் இரண்டு பேரும் மறுபடி படிக்க வேண்டிய விதம் ஒன்றல்ல.

அந்தப் பெண்ணுக்குப் பாடம் தெரியும். அறுபத்தேழில் ஏழுதான் தவறு என்றால் வேறென்ன சொல்வது? அவரை இறக்கிவிட்டது நெகட்டிவ் மார்க் பயம். “சந்தேகம் இருந்தா தொடாதே” என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த அறிவுரையை நான் எங்கே கேட்டாலும் சண்டைக்குப் போவேன். நாலு விடையில் இரண்டு நிச்சயம் இல்லை என்று தெரிந்தால், மிச்சம் இரண்டில் ஒன்று. அப்படி எட்டு கேள்வி எழுதினால் சராசரியாக நாலு சரி, நாலு தவறு. நாலு வரும், ஒன்று போகும், மூன்று மிச்சம். ஐம்பத்தெட்டேகாலோடு மூன்றைச் சேர்த்துப் பாருங்கள், அறுபத்தொன்றேகால். முப்பத்து மூன்றில் எட்டைத் தொட்டிருந்தாலே போதும்! கண்ணை மூடிக்கொண்டு குத்தச் சொல்லவில்லை. இரண்டை அடித்துவிட்டு எழுதுங்கள் என்கிறேன். (மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் தேர்வில் நெகட்டிவ் மார்க்கே கிடையாது, 50 போதும். அங்கே ஒன்றையும் விடக்கூடாது. இரண்டு தேர்வின் விதியையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.)

தம்பியின் கதை வேறு. அவருக்குப் பாடமே பாதிதான் தெரியும். ஆப்ஷன் என்பது ஒரு பங்கைக் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம். அதில் வாங்குகிறவர் பக்கமும் விற்கிறவர் பக்கமும் மாறி மாறிக் குழம்புகிறது. ஸ்ட்ரைக் எனும் அந்தக் குறித்த விலை 100 ரூபாய், உரிமைக்குக் கொடுக்கும் பிரீமியம் 5 ரூபாய் என்றால், ‘கால்’ (call) எனும் வாங்கும் உரிமையை வாங்கியவருக்குப் பங்கு விலை 105-க்கு மேல் போனால்தான் லாபம், ‘புட்’ (put) எனும் விற்கும் உரிமையை வாங்கியவருக்கு 95-க்குக் கீழே. இதை மனப்பாடம் செய்தால் தேர்வறையில் மறந்துபோகும். தினமும் காலையில் ஒரு உண்மையான பங்கை எடுத்து, வாங்கியவர் யார், விற்றவர் யார், யாருக்கு எவ்வளவு நஷ்டம் வரலாம் என்று தாளில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். மாக் டெஸ்ட் எனும் மாதிரித் தேர்வை அதற்குப் பிறகு தொட்டால் போதும். ஒரே மாக் டெஸ்டைத் திரும்பத் திரும்ப எழுதி 90 வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு விடை தெரியும், பாடம் தெரியாது.

பாடப்புத்தகத்தின் கடைசி அத்தியாயங்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். சட்டம், கணக்கு வைப்பு, வரி இவைதான் அந்தப் பகுதி. சலிப்பாக இருக்கும், ஆனால் படித்தால் குழப்பமில்லாத மார்க். அதை முதல் வாரமே முடித்துவிடுங்கள். ஒர்க்புக் எனும் அந்தப் பாடப்புத்தகம் என்.ஐ.எஸ்.எம். தளத்தில் இலவசம். போன முறை வைத்திருந்ததையே புரட்டாமல் புதிய பதிப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிவுக் கட்டணத்தை மறுபடி கட்டத்தான் வேண்டும். அப்புறம் பான் அட்டையில் இருக்கிறபடியே பெயரைக் கொடுங்கள், இனிஷியல் உட்பட. வணக்கம்.