கண்டதும் கருதியதும்

நேயர்களுக்கு வணக்கம்.

"நேற்று அவர் என்னைக் கண்டும் காணாதது போல் போய்விட்டார்" என்று நம்மில் பலர் எப்போதாவது குறைப்பட்டிருப்போம். இந்த ஒரு வாக்கியத்தைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். அவர் அந்த வழியாகப் போனார், நம்மிடம் பேசவில்லை என்ற இரண்டு மட்டுமே நாம் கண்கூடாகக் கண்டவை. அவர் நம்மைக் கவனித்தார் என்பதும், கவனித்த பின் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பதும் நாமாக ஊகித்துச் சேர்த்தவை. ஆனால் அடுத்தவரிடம் சொல்லும்போது நான்கையும் ஒரே மூச்சில், நேரில் பார்த்த செய்தியாகவே சொல்லிவிடுகிறோம். கேட்டவரும் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்.

உண்மை தெரிந்துவிட்டால் ஊகம் தானாக விலகிவிடும் என்று நினைப்பதும் ஓர் ஊகம்தான். எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1967-இல் வெளியிட்ட ஆய்வில், கியூபாவின் அன்றைய தலைவர் பிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளைச் சிலரிடம் படிக்கக் கொடுத்து, எழுதியவரின் உண்மையான கருத்து என்னவாக இருக்கும் என்று கேட்டார்கள். எந்தப் பக்கம் எழுதுவது என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை, அது அவருக்கு விதிக்கப்பட்டது என்று சொல்லப்பட்டிருந்தும், ஆதரித்து எழுதியவர் உள்ளூர ஆதரவாளராகவே இருப்பார் என்ற எண்ணத்தைப் படித்தவர்களால் முழுமையாக உதற முடியவில்லை. சூழ்நிலையின் நெருக்கடியைக் குறைத்தும் ஆளின் குணத்தைக் கூட்டியும் மதிப்பிடும் இந்தப் போக்குக்கு, 'அடிப்படைக் காரணக் கற்பிப்புப் பிழை' என்று 1977-இல் உளவியலாளர் லீ ராஸ் பெயரிட்டார். பெயர்தான் கரடுமுரடு, போக்கு நமக்கு நன்கு பழக்கமானது. நாம் தாமதமாக வந்தால் போக்குவரத்து நெரிசல், மற்றவர் வந்தால் பொறுப்பின்மை.

ஊகமே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. அறிகுறிகளைக் கேட்டதுமே மருத்துவரும் ஒரு நோயை ஊகிக்கத்தான் செய்கிறார்; ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கிறார், முடிவு வேறாக வந்தால் கைவிடுகிறார். நாமோ ஒருவரைக் கர்வம் பிடித்தவர் என்று தீர்மானித்துவிட்டால், அவர் பேசாமல் இருந்தால் கர்வம் என்கிறோம், வலிய வந்து பேசினால் ஏதோ காரியமாக வந்திருக்கிறார் என்கிறோம். அவர் எப்படி நடந்துகொண்டாலும் மாறாத ஒரு தீர்ப்புக்கு அவருடைய நடத்தை சான்றாக இருக்க முடியாது. எது நடந்தால் என் எண்ணம் தவறென்று ஒப்புக்கொள்வேன் என்பதை அத்தகைய இடங்களில் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது உதவும். பல நேரங்களில் அதுகூடத் தேவைப்படாமல், சம்பந்தப்பட்டவரிடமே நேராகக் கேட்டுவிடலாம்.