சனியப் பார்க்காதன்னு சொல்றவங்களுக்கு ஒரு வீடியோ (சனியோட நிலா டைட்டன் + அந்த 89 மலேசிய வெள்ளி ஐபீஸ் கதை)

வணக்கம் மக்களே, சாப்பிட்டாச்சா? நம்ம மலேசியா சுங்கை சிப்புட்ல சாயங்காலமானா மழை மழைன்னு உயிர வாங்கிருச்சு, நேத்துதான் வானம் தெறந்துச்சு, நான் சனியப் பார்த்துட்டேன், டைட்டனையும் பார்த்துட்டேன்! குரல் கட்டியிருக்குல்ல, ராத்திரி முழுக்க பனியில நின்னது.

ஆனா மொதல்ல ஐபீஸ் (டெலஸ்கோப்புல கண்ணு வச்சு பார்க்கிற லென்ஸு) கதைய சொல்லிடுறேன், மனசு ஆறவே இல்ல. நம்ம டாப்சோனியன் டெலஸ்கோப்பு தெரியும்ல, 8 இன்ச், 1200 மில்லிமீட்டர் ஃபோக்கல் லெங்த், அதுக்கு 6 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டா 200 மடங்கு பெருசா தெரியும். ஆன்லைன்ல 89 வெள்ளி (ரிங்கிட்), ஒண்ணேகால் இன்ச்னு தெளிவா போட்டிருந்தான். வந்தது என்னா? பழைய காலத்து 0.965 இன்ச் சைஸு! குழாய்ல போட்டா லொடலொடன்னு ஆடுது. மெசேஜ் போட்டா, அடாப்டர் வாங்கிக்குங்க 35 வெள்ளின்னு பதில் வருது. நான் ஏன் வாங்கணும், நீ எழுதுனத நீ அனுப்பு! திருப்பி அனுப்புற கொரியர் காசு 8 வெள்ளியும் என் தலையிலயாம். விடல நான், ஸ்கேல் வச்சு அளந்து வீடியோ எடுத்து அனுப்புனேன், கடைசியில சரியான சைஸும் வந்துச்சு, அந்த 8 வெள்ளியும் திரும்பி வந்துச்சு. 8 வெள்ளி பெரிய காசு இல்ல, ஆனா வந்துச்சு பாருங்க, அந்த சந்தோஷமே தனி.

சரி, தோட்டத்து திடலுக்கு போனேன், செம்பனை ஆலை லைட்டு படாத மூலை. சனி மினுக்காது, லேசா மஞ்சளா நிலையா நிக்கும், சட்டுனு கண்டுபிடிச்சிடலாம். வளையம் இப்ப மெலிசுதான், 2025 மார்ச்ல அது விளிம்பு மட்டும் நம்ம பக்கம் திரும்பி நின்னுச்சு, அதுக்கு முன்ன 2009, ஒரு பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ அப்படி வரும். இந்த முனையில இருந்து அந்த முனை கிட்டத்தட்ட 2,80,000 கிலோமீட்டர், ஆனா கனம் சில இடத்துல வெறும் 10 மீட்டர்தான், அப்புறம் பக்கவாட்டுல எப்படி தெரியும்? கிட்டத்தட்ட பூராவும் ஐஸ் கட்டி. மறுபடி தெறக்க ஆரம்பிச்சிருச்சு, இனி வர வருஷமெல்லாம் இன்னும் அழகா இருக்கும்.

பக்கத்துல ஒரு புள்ளி நின்னுச்சு, ஆப்ல சரிபார்த்தேன், டைட்டன்! 1655ல ஹைகன்ஸ்ங்கிற விஞ்ஞானி பார்த்த அதே புள்ளி. புதன் கிரகத்த விட பெருசு, நைட்ரஜன் காத்து, மீத்தேன் மழை, மீத்தேன் ஏரி. அவரு பேருலயே ஒரு கலம் 2005 ஜனவரி 14ல அங்க போய் எறங்குச்சு. அத நம்ம திடல்ல நின்னு பார்க்கிறோம், எனக்கு கை நடுங்கிருச்சுங்க.

இப்ப எரிச்சலான விசயம். ஒட்டுக்கடையில ஒரு பெரியம்மா, "ஏன்யா, போயும் போயும் சனியவா நேரா பார்க்குற, பார்வ பட்டா ஏழரைதான்"னாங்க. அவங்க மேல கோவம் இல்ல, பயமுறுத்துற ஃபார்வர்ட் மேலதான் கோவம். திருநள்ளாறுக்கு மேல வந்தா சாட்டிலைட் 3 செகண்ட் நிக்கும்னு இன்னும் சுத்துது. பாதையில நின்னா அது கீழ விழுந்துடும், எவன் நம்புறான் இத!

நானும் சனிக்கிழமை எள்ளு தீபம் போடுற வீட்டுப் புள்ளதான். ஆனா கணக்க பாருங்க. சனி சூரியன ஒரு சுத்து வர 29 அரை வருஷம், ராசி 12, வகுத்தா ராசிக்கு ஏறக்குறைய ரெண்டரை வருஷம், மூணு ராசி சேர்ந்தா ஏழரை. டெலஸ்கோப் இல்லாத காலத்துல வெறுங்கண்ணால வருஷக்கணக்கா பார்த்து எடுத்த கணக்கு இது, அவங்க பார்க்காம இருந்திருந்தா ஏழரையே ஏது? அந்த பெரியம்மாகிட்டயும் இதத்தான் சொன்னேன், கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "மழை இல்லன்னா வரேன்"னாங்க!

ஆங், சனியோட நிலா கணக்கு சொல்லல. 2025 மார்ச்ல மட்டும் 128 புதுசா சேர்த்தாங்க, அப்ப மொத்தம் 274 ஆச்சு. எனக்கு பிடிச்சது என்செலடஸ், குறுக்க 500 கிலோமீட்டர்தான் இருக்கும், தென் துருவத்துல இருந்து தண்ணியும் ஐஸும் பீச்சி அடிக்குது, சனிக்கு போன கசினி கலம் 2005ல கண்டுபிடிச்சது.

இன்னொண்ணு, சனி பேரு வச்சா வெளங்காதும்பாங்க. அப்பல்லோ திட்டத்துல நிலாவுக்கு போன 24 பேரையும் கொண்டு போனது சாட்டர்ன் 5 ராக்கெட்டுங்க, சாட்டர்ன்னா சனிதான்! 110 மீட்டர் ஒசரம். ஜூப்பிட்டர் (வியாழன்) ராக்கெட்டுக்கு அடுத்து வந்ததால அந்த பேரு.

வர சனிக்கிழமை மழை இல்லன்னா 9 மணிக்கு திடலுக்கு வாங்க, டார்ச் லைட் அடிக்காதீங்க, கொசு மருந்து தடவிக்குங்க. டைட்டன் ஒரு சுத்து வர 16 நாள், அதனால நேத்துல இருந்து எட்டு நாள் கழிச்சு சனிக்கு அந்தப் பக்கம் நிக்கணும், அப்ப எடுத்து ரெண்டு படத்தையும் சேர்த்து போடுறேன்.