இடுப்பு அறிந்த தைரியம்

நேயர்களுக்கு வணக்கம்.

குதிரையேற்றம் பழக வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது கையைத்தான். கடிவாள வாரைப் பிடித்திருக்கும் விரல் முட்டிகள் வெளுத்திருந்தால் உள்ளே பயம் இருக்கிறது என்று அர்த்தம். "பயப்படாதீங்க" என்று சொல்லி யாருடைய பயமும் போய் நான் பார்த்ததில்லை. அதனால் அதைச் சொல்வதை விட்டுவிட்டேன். உட்காரும் விதத்தைச் சரிசெய்கிறேன்.

பயந்த உடம்பு முன்னால் குனியும். முழங்கால் சேணத்தைக் கவ்வும், குதிகால் மேலே ஏறும், மூச்சு அடைத்துக்கொள்ளும், கை தானாக வாரை இழுக்கும். இதெல்லாம் குதிரைக்கு எப்படி இருக்கும்? தோலில் ஓர் ஈ உட்கார்ந்தால் அந்த இடத்தை மட்டும் சிலிர்த்து விரட்டுகிற பிராணி அது. விலாவில் கால் அழுந்தினால் 'போ', வாரை இழுத்தால் 'நில்' என்று அதைப் பழக்கியிருக்கிறோம். பயந்தவர் இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்கிறார். குதிரை குழம்பித் தலையை உதறும், வேகத்தைக் கூட்டும். மேலே இருப்பவர் இன்னும் இறுக்கிப் பிடிப்பார். குதிரைக்குத் திமிர் என்று பழி வேறு! பாவம், நாம் சொன்னதைத்தான் அது செய்கிறது.

சரியாக உட்கார்ந்திருப்பவரைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். நாற்காலியில் உட்காருவதுபோல் உட்காராதே, காலை அகட்டி நிற்பதுபோல் இரு என்று கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் 2300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். பாதம் வைக்கும் வளையமான அங்கவடியே இல்லாத காலம் அது. இன்றும் வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அங்கவடியும் இல்லாமல், வாரும் இல்லாமல், நீளக் கயிற்றில் சுற்றிவரும் குதிரைமேல் மாதக்கணக்கில் உட்கார்ந்து பழகுகிறார்கள். பிடிமானம் கையிலும் இல்லை, பாதத்திலும் இல்லை என்பதை உடம்பு நம்ப அவ்வளவு நாள் ஆகிறது.

இதை நினைக்கும்போதெல்லாம் டென்மார்க்கின் குதிரையேற்ற வீராங்கனை லிஸ் ஹார்டெல் எனக்கு ஞாபகம் வருவார். 1944-ல், வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது, 23 வயதில் போலியோ தாக்கியது. முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்தன. ஆனாலும் மறுபடி ஏறினார். ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். காலால் தட்டிச் சொல்ல முடியாததை இடுப்பாலும் உடம்பின் எடையாலும் சொல்லப் பழகினார். குதிரையை நுணுக்கமாக நடத்திக் காட்டும் டிரஸ்ஸாஜ் போட்டியில் பெண்களை முதன்முதலாக அனுமதித்த 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில், ஜூபிலி என்ற குதிரையோடு வெள்ளி வென்றார். 1956-ல் மறுபடியும் வெள்ளி. இரண்டு காலும் நன்றாக இருக்கிற நமக்குக் குதிரைமேல் உட்கார வராது என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

விழுந்தால் உடனே ஏறிவிட வேண்டும் என்பார்கள். எல்லோருக்கும் அது பொருந்தாது. அடிபடவில்லை என்று உறுதியானபின், நடையில் மட்டும், நீளக் கயிற்றில் இரண்டு சுற்று போதும். சிலருக்கு அன்றைக்கு லாயத்தில் குதிரையைத் தேய்த்துவிடுவதே போதும்.

போன வருடம் ஒரு அம்மா வந்தார். வயது 42. முன்பு வேறொரு இடத்தில் விழுந்தவர். ஏறியதும் மூச்சே விடவில்லை. "ஏதாவது பாட்டு பாடுங்கம்மா" என்றேன். பாடுகிறவரால் மூச்சை அடக்க முடியாது, பாருங்கள். கூச்சத்தோடு மெதுவாக ஆரம்பித்தார். இரண்டாவது சுற்றில் தோள் இறங்கியது. அப்புறம் கண்ணை மூடச் சொன்னேன். குதிரை நடக்கும்போது எந்தப் பக்கத்துப் பின்னங்கால் முன்னே வருகிறதோ, அந்தப் பக்கத்து இடுப்பு கொஞ்சம் கீழே இறங்கும். அதைக் கவனித்து வலது, இடது என்று சொல்ல வேண்டும். முதலில் தப்புத் தப்பாகச் சொன்னார். நானும் திருத்தவில்லை.

நாலாவது சுற்றில், கண்ணைத் திறக்காமலே, "சார், இப்ப வலது... இப்ப இடது... வலது" என்றார். ஒவ்வொன்றும் சரி. வாரை எப்போது விட்டார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு கையும் தொடைமேல் மலர்ந்து கிடந்தன.