கிளம்பாத விருந்தாளி

நேயர்களுக்கு வணக்கம்.

அலுவலகங்களின் சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. ராத்திரி பத்து மணிக்கு மேல் எனக்கு வரும் ஃபோன்களில் ஒரு ரகம் உண்டு. "சார், அந்த மெஷின் ஆஃப் ஆக மாட்டேங்குது. ஃபோர்ஸ் ஆஃப் கொடுத்துடட்டுமா?" நான் உடனே சொல்வது, "கையை எடுங்க. திரையில என்ன தெரியுதுன்னு முதல்ல சொல்லுங்க."

அந்த மெஷின் மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டர் இல்லை, வர்ச்சுவல் மெஷின். ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள்ளே மென்பொருளால் உண்டாக்கிய நாலைந்து கம்ப்யூட்டர்கள் ஓடும். பெரியது ஹோஸ்ட், உள்ளே ஓடுபவை கெஸ்ட். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இந்த விருந்தாளிகள் வருடக்கணக்கில் தங்குபவர்கள். கிளம்பச் சொல்லும்போதுதான் தகராறு.

கிளம்பு என்று எப்படிச் சொல்கிறோம்? ஹோஸ்ட் பக்கம் ஷட்டவுன் என்று கொடுத்தால், கெஸ்டின் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தியதுபோல ஒரு சைகை உள்ளே போகும். அவ்வளவுதான். இதற்கான விதிமுறைக்கு ஏசிபிஐ என்று பெயர்; இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-ல் வெளியிட்டது. லினக்ஸ் ஹோஸ்டில், கெஸ்ட்களை நிர்வகிக்கும் விர்ஷ் என்ற கருவிக்கு 'விர்ஷ் ஷட்டவுன்' என்று கட்டளை கொடுத்தால், மெஷின் அணைந்துகொண்டிருக்கிறது என்று அந்த நொடியே பதில் வரும். அதை நம்பி டீ குடிக்கப் போய்விடாதீர்கள். கதவைத் தட்டியாயிற்று என்பதுதான் அந்தப் பதிலுக்கு அர்த்தம். உள்ளே யாருக்காவது காதில் விழுந்ததா என்பது வேறு விஷயம்.

காதில் விழாத கதை ஒன்று. ஒரு சின்ன அலுவலகம், கணக்கு மென்பொருளுக்காக ஒரு விண்டோஸ் சர்வர் கெஸ்ட். ஷட்டவுன் கொடுத்தால் அசையாது. இரண்டாம் முறை கொடுத்தால் சில நாள் அணையும், சில நாள் அணையாது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது என்றார்கள். ஒருநாள் நானே உட்கார்ந்து, கெஸ்டின் திரையைக் காட்டும் கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன். திரை கறுப்பாக இருந்தது. அழுத்தியதும் பளிச்சென்று வெளிச்சம் வந்தது. விஷயம் இதுதான்: சும்மா இருந்த விண்டோஸ், தன் மானிட்டரை அணைத்து வைத்திருக்கிறது. இல்லாத மானிட்டரை! முதல் அழுத்தல் அதை எழுப்புவதற்கே சரியாகப் போய்விட்டது. பவர் ஆப்ஷன்ஸில் திரையை ஒருபோதும் அணைக்காதே என்று மாற்றினேன்.

அப்புறமும் பாதி நாள் அணையவில்லை. காரணம் இன்னொன்று. யாரும் லாகின் செய்யாத நிலையில் ஷட்டவுன் செய்ய அனுமதிக்கலாமா என்று விண்டோஸில் ஒரு பாதுகாப்புக் கொள்கை இருக்கிறது. வீட்டு விண்டோஸில் அது அனுமதித்தே வரும். சர்வர் பதிப்பில் மறுத்தே வரும். வழியில் போகிறவர் யாரும் பட்டனை அழுத்திவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். லோக்கல் செக்யூரிட்டி பாலிசிக்குள் போய் அதை மாற்றியபிறகு பேய் ஓடிவிட்டது.

இந்தக் கதவைத் தட்டுவதற்கு இன்னொரு வழியும் உண்டு: கெஸ்டுக்குள் ஒரு சின்ன ஏஜென்ட் மென்பொருளை நிறுவி, அதனிடம் நேரடியாகச் சொல்வது. நல்ல வழி. ஆனால் வர்ச்சுவல் மெஷின்களை நடத்த ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் கவனியுங்கள். அமைப்பில் ஏஜென்ட் உண்டு என்று டிக் போட்டுவிட்டு உள்ளே நிறுவ மறந்துவிட்டால், ஷட்டவுன் செய்தி இல்லாத ஆளைத் தேடிப்போய், காத்திருந்து, நேரம் முடிந்து திரும்பிவிடும். பட்டனை அழுத்திப் பார்ப்போம் என்று அதற்குத் தோன்றாது.

சரி, காதில் விழுந்துவிட்டது, கிளம்பவும் ஆரம்பித்துவிட்டது, ஆனால் வாசலிலேயே நிற்கிறது. லினக்ஸில் இது அதிகம். கறுப்புத் திரையில் சின்னச் சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமும் ஓடும். பக்கத்தில் 'எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்' என்று ஒரு வரி, அதன் கடைசியில் ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடி, ஒரு சாய்கோடு, ஒரு நிமிடம் முப்பது நொடி என்று கடிகாரம். பார்த்தவர்களுக்கு இப்போதே வயிற்றைப் பிசைந்திருக்கும். அந்த 90 நொடி, லினக்ஸின் மேலாளரான சிஸ்டம்டி, பின்னணியில் ஓடும் ஒவ்வொரு சர்வீஸுக்கும் வழக்கமாகக் கொடுக்கும் கெடு. அதற்குள் தானாக நிற்காவிட்டால் பலவந்தமாக நிறுத்தும். அந்த வரியில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. சில லினக்ஸில் அழகான லோகோ அந்த வரியை மறைத்திருக்கும்; எஸ்கேப் விசையைத் தட்டினால் தெரியும்.

நான் பார்த்த ஒன்றில், பெயர் ஒரு பேக்கப் ஃபோல்டருடையது. வேறொரு ஊரில் இருக்கும் சர்வரின் ஃபோல்டர், என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாக, விபிஎன் என்ற பாதுகாப்பான இணையச் சுரங்கத்துக்குள் மவுன்ட் ஆகியிருந்தது, அதாவது இங்கேயே இருப்பதுபோல இணைக்கப்பட்டிருந்தது. அணையும்போது விபிஎன் முதலில் நின்றுவிட்டது. சுரங்கமே மூடியபிறகு ஃபோல்டரை விடுவிக்க முயன்றால் மறுமுனையிலிருந்து யார் பதில் சொல்வது? பரணில் ஏறியபின் ஏணியை எடுத்த கதை. எதை எங்கே இணைப்பது என்று எழுதியிருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த ஃபோல்டரின் வரியில், இது இந்த விபிஎன் சர்வீஸை நம்பி இருக்கிறது என்று ஒரு சொல் சேர்த்தேன். 'எக்ஸ் சிஸ்டம்டி ரிக்வயர்ஸ்' என்பது அதன் பெயர். பிறகு வரிசை மாறியது. ஃபோல்டர் முதலில், சுரங்கம் பிறகு. எட்டு நொடியில் அணைந்தது.

திரையைப் பார்க்கத் தவறிவிட்டால்? லினக்ஸை மறுபடி ஆன் செய்தபின், போன முறை ஓட்டத்தின் கடைசிப் பதிவுகளைக் கேட்கலாம். பேனா இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்: ஜர்னல்சிடிஎல், இடைவெளி, கழித்தல் குறி, பூட் என்பதன் முதல் எழுத்தான பி, இடைவெளி, கழித்தல் குறி ஒன்று, இடைவெளி, கழித்தல் குறி இ. சில இடங்களில் பழைய பதிவே இல்லை என்று பதில் வரும். பதிவுகள் நினைவகத்தில் மட்டும் இருந்து, அணைந்ததும் போய்விட்டன என்று பொருள். 'வார்'-க்குள் 'லாக்', அதற்குள் 'ஜர்னல்' என்று ஒரு டைரக்டரி உண்டாக்கி வைத்தால் அடுத்த முறை முதல் தங்கும். விண்டோஸ்காரர்கள் ஈவென்ட் வியூவரில் 1074 என்ற எண்ணைத் தேடலாம், ஷட்டவுனைக் கேட்டது யார் என்று அதில் இருக்கும். 6008 இருந்தால் யாரோ முறையில்லாமல் பிடுங்கியிருக்கிறார்கள்.

பிடுங்குவது என்றதும் ஞாபகம் வருகிறது. விர்ஷில் அந்தக் கட்டளைக்கு 'டெஸ்ட்ராய்' என்று பெயர். மெஷினையே அழித்துவிடுமோ என்று பயந்து அதைத் தொடாதவர்களை எனக்குத் தெரியும். வட்டு அப்படியே இருக்கும்; கரன்ட் வயரைப் பிடுங்கியதற்குச் சமம், அவ்வளவுதான். ஆனால் பயம் முழுக்கத் தப்பும் இல்லை. உள்ளே டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால், அடுத்த முறை அது எழுந்து தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் எடுக்கும். எல்லா முறையும் சரியாகும் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

நாம் பிடுங்காமலே பிடுங்கப்படுவதும் உண்டு, இதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. கரன்ட் போகிறது, யுபிஎஸ் எச்சரிக்கிறது, ஹோஸ்ட் எல்லாக் கெஸ்டையும் அணைக்க ஆரம்பிக்கிறது. ப்ராக்ஸ்மாக்ஸ் வழக்கமாக ஒரு கெஸ்டுக்கு 180 நொடி தரும். பிறகு வயரைப் பிடுங்கும். உள்ளே மரியாடிபி டேட்டாபேஸின் சர்வீஸ் கோப்பில் பாருங்கள்: நிற்பதற்கு 900 நொடி வரை எடுத்துக்கொள்ள அதற்கு அனுமதி இருக்கிறது. உள்ளே இருப்பவர் கால் மணி நேரம் என்று நினைத்து நிதானமாக மூட்டை கட்டுகிறார். வெளியே மூன்று நிமிடத்தில் கதவைப் பூட்டுகிறார்கள். இருவர் மேலும் தப்பில்லை, ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாது. அதோடு பேட்டரி புதிதாக இருந்தபோது இருபது நிமிடம் தாங்கியது, இப்போது எவ்வளவு என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால் நான் பார்த்துக்கொள்ளும் இடங்களில், சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கிளம்பியபிறகு, ஒவ்வொரு கெஸ்டையும் முறையாக அணைத்து, எத்தனை நொடி ஆகிறது என்று ஃபோனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்க்கிறோம். ரேக்கின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மெயில் சர்வர் 25, கணக்கு 40, டேட்டாபேஸ் 210. அந்த 210-ஐப் பார்த்த அன்றுதான் ஹோஸ்டில் 180-ஐ 300 ஆக மாற்றினோம். அடுத்த வாரம் புது பேட்டரிக்கும் ஆர்டர் போட்டோம்.

நன்றி, வணக்கம்.