ஹட்டனில் விரித்த புல் ஏன் அழுகியது? மலையகத்து வாசலுக்கு எந்தப் புல் சரி?

[காட்சி: போனில் எடுத்த பழைய படம். சேறும் மஞ்சள் புல்லுமாக ஒரு வாசல்]

வணக்கம். இந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சில வருடத்துக்கு முன்னால், ஒரு ஜூன் மாதம், ஹட்டனில் எங்கள் வீட்டு வாசல்தான் இது. கண்டிப் பக்கத்து நர்சரி ஒன்றிலிருந்து 500 சதுர அடி கொரியன் புல்லை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஒரே நாளில் விரித்து, அக்கம்பக்கத்து ஆட்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டேன். மூன்றாவது வாரம் ஒரு மூலையைத் தூக்கினால் பாய் மாதிரி சுருண்டு வருகிறது. அடியில் ஒரு வெள்ளை வேர்கூட இல்லை. கறுப்புச் சேறு, அடைபட்ட கானின் நாற்றம்.

நர்சரிக்காரர் மேல் பழி இல்லை, நல்ல புல்தான் கொடுத்தார். மழையோடு மழையாகக் கொண்டுவந்து போட்ட புத்தி என்னுடையது. பங்களாவில் முப்பது வருடம் தோட்டவேலை பார்த்த பக்கத்து வீட்டுத் தாத்தா அன்றைக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னார்: “புல்லு என்ன புல்லுனு அப்புறம் பாப்போம் தம்பி, மொதல்ல தண்ணி எங்கிட்டு போகுதுனு பாரு.”

[காட்சி: கையால் வரைந்த மலைப்படம். அடியில் கண்டி, நடுவில் ஹட்டன், உச்சியில் நுவரெலியா]

சரி, விஷயத்துக்கு வருவோம். புல்தரைப் புற்களில் குளிரை விரும்புகிறவை ஒரு கூட்டம், வெப்பத்தை விரும்புகிறவை இன்னொரு கூட்டம். நம் நாட்டு நர்சரிகளில் விற்பதில் அனேகமாக எல்லாமே இரண்டாவது கூட்டம்தான். சோளமும் கரும்பும் எப்படி வெயிலில் துள்ளி வளருமோ அப்படித்தான் இவையும்: 27 முதல் 35 பாகை செல்சியஸ் வரை கொண்டாட்டம், 15க்குக் கீழே இறங்கினால் சாகாது, ஆனால் தூங்கிவிடும். தூங்குகிற புல் வேர் விடாது, மிதிபட்ட இடத்தை மூடாது, அந்த இடைவெளியில் பாசியும் களையும் வந்து குந்திக்கொள்ளும்.

கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரம், ஹட்டன் 1,270 போல, நுவரெலியா 1,868. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறு பாகைக்கு மேல் குறையும். நுவரெலியாவில் வருடச் சராசரியே 16 பாகை அளவுதான், ஜனவரி, பெப்ரவரியில் விடியற்காலை துகள் பனி வேறு. அதனால் கண்டியில் இருக்கிற மச்சான் வீட்டுப் புல்லைப் பார்த்து ஆசைப்பட்டு அதையே நுவரெலியாவில் போடாதீர்கள்.

[காட்சி: அறுகம்புல் கொடி ஒன்றை மண்ணிலிருந்து மெதுவாக இழுப்பது]

முதலில் அறுகு. கடையில் பேர்முடா என்று பெயர் மாற்றி விலை சொல்வார்கள், ஆள் நம்ம பிள்ளையாருக்குச் சாத்துகிற அறுகம்புல் இனம்தான். இதோ பாருங்கள், மேலே ஒரு கொடி ஓடுகிறது, மண்ணுக்கு உள்ளேயும் ஒன்று ஓடுகிறது, கணுவுக்குக் கணு வேர். கல்யாண வீட்டில் “ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி” என்று வாழ்த்துகிறோமே, அது சும்மா இல்லை. பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடிக் கிழித்தாலும் ஒரு மாதத்தில் மூடிவிடும். ஆனால் நிழல் ஆகவே ஆகாது, ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் வேண்டும். பதுளை, கண்டிப் பக்கம் திறந்த வாசலுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பக்கத்தில் மரக்கறிப் பாத்தி இருந்தால் யோசியுங்கள், உள்ளே நுழைந்துவிட்டால் மம்பட்டியால் கொத்தக் கொத்தப் பெருகும்.

கொரியன் புல் மெத்தை மாதிரி, அழகுக்கு மிஞ்சியது இல்லை. ஆனால் வளர்கிற வேகம் ஆமை வேகம், அதுவும் நம் உயரத்தில். வெட்டாமல் விட்டால் மேடு மேடாகப் பொங்கும்.

நிழலும் ஈரமும் உள்ள வாசலுக்கு, அதாவது நம் ஆட்களில் பாதிப் பேருக்கு, அகல இலைப் புல். மலேசியன் புல் என்று கேட்டால் கொடுப்பார்கள், பார்க்க அவ்வளவு நேர்த்தி இல்லை. புளித்த மண்ணையும், அதாவது அமிலம் கூடிய மண்ணையும் தாங்கும், சவுக்கு மர நிழலையும் தாங்கும், வறட்சியைத் தாங்காது. கடைசியில் என் வாசலின் கீழ்ப்பாதியில் நின்றது இதுதான்.

நுவரெலியாவுக்குக் கிக்குயு. கிழக்கு ஆபிரிக்க மலைகளில் பிறந்த புல், கென்யாவில் வாழும் கிக்குயு மக்களின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வெப்பக் கூட்டத்தில் குளிரை நன்றாகத் தாங்குகிறது என்றால் இதுதான், மாடும் விரும்பித் தின்னும். கொஞ்சம் முரடு. வெட்டிய துண்டுகளை வேலிக்கு அப்பால் வீசாதீர்கள், விழுந்த இடத்தில் வேர்விட்டு ஊரைப் பிடித்துவிடும். பனி விழுந்த காலையில் வெயில் ஏறும்வரை புல்லில் கால் வைக்காமல் இருந்தால் போதும், மிதித்தால் ஒவ்வொரு கால் தடமும் கருகி நிற்கும்.

[காட்சி: வாசலின் ஓரமாக வெட்டிய கான், அதில் ஓடும் தண்ணீர்]

இப்போது மண். தேயிலைக்குப் பிடிக்கிற புளித்த மண் அறுகுக்குப் பிடிக்காது. நடுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால் புளிப்பைக் குறைக்க 100 சதுர அடிக்கு 2 கிலோ போல டொலமைட் என்கிற சுண்ணாம்புக் கல் தூளைத் தூவிக் கொத்திவிடுங்கள். தோட்டத்தில் தேயிலைக்குப் போடுகிற அதே டொலமைட்தான். யூரியாவை அதோடு சேர்த்துப் போடாதீர்கள், சத்து காற்றோடு போய்விடும். அப்புறம் தாத்தா சொன்ன கான்: வீட்டுப் பக்கத்திலிருந்து வெளியே சரிவு இருக்க வேண்டும், மேட்டிலிருந்து இறங்குகிற தண்ணீரை வாசலுக்கு வருமுன்னே திருப்பிவிட வேண்டும்.

ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை கொட்டும், அப்போது நடவே வேண்டாம். மார்ச் கடைசியில் காலை வெயிலும் பின்னேர மழையுமாக வருகிற நாட்கள் இருக்கிறதே, அதுதான் நேரம். பதுளை, பண்டாரவளை ஆட்களுக்கும் அதே மார்ச் கடைசி சரி, நீங்கள் தப்ப வேண்டியது டிசம்பர், ஜனவரி மழைக்கு. பாய் மாதிரி விரிக்கிற கார்பெட் புல் வாங்கக் காசு இல்லையா, கொடியைக் கணுவோடு நறுக்கி நான்கு விரற்கடைக்கு ஒன்றாக ஊன்றுங்கள். மெதுவாக மூடும், ஆனால் மூடும்.

வெட்டும்போது ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். அறுகை 3 சென்ரிமீற்றருக்கு விடலாம், அகல இலைப் புல்லை 5க்குக் கீழே இறக்காதீர்கள். தோளில் மாட்டுகிற மெசின்காரர் வந்தால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள், அவர் தேயிலை ரோட்டுக் களை அடிக்கிற பழக்கத்தில் மண் தெரிய வழித்துவிடுவார்.

பசளை மழை ஓய்ந்த பிறகு, 100 சதுர அடிக்கு 100 கிராம் யூரியாவை இரண்டு தடவையாகப் பிரித்து, போட்டவுடன் தண்ணீர். தூங்குகிற மாதங்களில் போட்டால் களைக்குத்தான் விருந்து. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது மக்கிய சாணத்தைச் சலித்துத்தான் தூவினேன், பச்சை வர நாள் எடுத்தது, குறை ஒன்றும் இல்லை. வறண்ட மாதங்களில் தினம் தெளிக்காமல் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை நன்றாக ஊற்றுங்கள். ஒரு டின்மீன் டப்பாவை நடுவில் வையுங்கள், வாரத்தில் மொத்தம் ஓர் அங்குலம் நிறைந்தால் போதும்.

[காட்சி: புரட்டிப் போடப்பட்ட புல், அதற்கடியில் வெள்ளைப் புழு ஒன்று]

இது நேற்று ராத்திரி வேலை. காட்டுப்பன்றி. வேருக்கடியில் இருக்கிற இந்த வெள்ளைப் புழுவைத் தேடித்தான் வருகிறது, ஆகவே பன்றி வந்த வாசலில் புழு இருக்கிறதா என்று தோண்டிப் பாருங்கள். புரட்டின துண்டுகளை அன்றைக்கே திருப்பி வைத்து, மிதித்து, தண்ணீர் ஊற்றினால் அனேகமாகப் பிடித்துவிடும். அடுத்த ராத்திரியும் வரும். வேலி எப்படிப் போடுவது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், நானே பழைய தகரத்தை வைத்துக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.