ஆடாமல் போன 24 நிமிடங்கள்

வணக்கம் நேயர்களே. ஒரே ஒரு கால்பந்து ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்று கேட்டபோது சரி என்று ஒப்புக்கொண்ட நிலையத்தாருக்கு என் நன்றி.

நான் பெங்களூரு எஃப்சி அணியின் ரசிகன். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. நான் பேசப்போகும் ஆட்டம் 2023ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் தேதி, பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் பெங்களூரு எஃப்சிக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் நடந்த ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக் பிளே-ஆஃப். நடந்தது என்று சொல்லலாமா என்பதிலேயே இன்னும் சண்டை ஓயவில்லை. நீலச் சட்டைக்காரர் ஒரு கதை சொல்வார், மஞ்சள் சட்டைக்காரர் வேறு கதை சொல்வார். நான் நீலச் சட்டைக்காரன்.

தமிழனாக இருந்துகொண்டு ஏன் சென்னை அணியின் பக்கம் போகவில்லை என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். நான் பிறந்து வளர்ந்தது அல்சூர். பக்கத்திலேயே கௌதம்புரா. அங்கே அம்பேத்கர், புத்தர் சிலைகளோடு பெலேவுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். தண்டு என்கிற கன்டோன்மென்ட் பகுதியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாகப் பந்து உதைத்த தெருக்கள் அவை. எங்கள் ஊருக்கென்று ஒரு அணி 2013இல் உருவாகி, முதல் சீசனிலேயே அன்றைய முதன்மை லீகான ஐ-லீக் பட்டத்தையும் வென்றது. அதற்குப் பிறகு வேறு அணியை நினைக்க எனக்கு இடமே இருக்கவில்லை.

கேரளா பிளாஸ்டர்ஸைப் பகை அணி என்று சொல்கிறோம். ஆனால் பெங்களூரில் மலையாளிகள் எவ்வளவு பேர் என்பது உங்களுக்குத் தெரியும். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர், மாடி வீட்டுக்காரர், காலையில் டீ கொடுக்கிற சேட்டன் எல்லாரும் அந்தப் பக்கம்தான். அதனால் இந்த இரண்டு அணிகளும் கண்டீரவாவில் மோதினால், நம் ஊர் மைதானத்திலேயே ஒரு பெரிய பகுதி மஞ்சளாகிவிடும். மேற்குப் பக்கத்தில் எங்கள் ரசிகர் கூட்டம் வெஸ்ட் பிளாக் புளூஸ், எதிரே அவர்களுடைய ரசிகர் கூட்டம் மஞ்ஞப்படா. இந்தியாவில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் கொல்கத்தா டெர்பியை விட்டால் இவ்வளவு சூடு வேறெங்கும் இல்லை என்பது என் எண்ணம்.

அந்த சீசனில் புது முறை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். லீக்கில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நேராக அரையிறுதிக்குப் போய்விடுவார்கள். மூன்றாவது முதல் ஆறாவது வரை வந்தவர்கள் ஒரே ஒரு ஆட்டம் ஆடி முடிவு காண வேண்டும். திரும்ப ஒரு ஆட்டம் கிடையாது. நாங்கள் 34 புள்ளிகளோடு நான்காவது, பிளாஸ்டர்ஸ் 31 புள்ளிகளோடு ஐந்தாவது. சீசனின் முதல் பாதியில் தோல்விமேல் தோல்வி கண்டு துவண்டிருந்த எங்கள் அணி, கடைசி எட்டு லீக் ஆட்டங்களையும் வரிசையாக வென்று அங்கே வந்து நின்றது. அந்த எட்டில் ஒன்று, பிப்ரவரி 11 அன்று இதே மைதானத்தில் ராய் கிருஷ்ணா போட்ட ஒற்றை கோலால் பிளாஸ்டர்ஸை வென்றது. அவர்களும் டிசம்பரில் கொச்சியில் எங்களை 3-2 என்று வென்றிருந்தார்கள். கணக்கு சமமாக இருந்தது.

இங்கே சிவசக்தி நாராயணனைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. காரைக்குடிப் பக்கம் கண்டனூரிலிருந்து வந்த பையன். அந்த வருடம் முன்வரிசையில் அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத்தான் சுனில் சேத்ரி போன்ற ஒரு ஜாம்பவானையே பல ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரராக உட்கார வைத்தார் பயிற்சியாளர் சைமன் கிரேசன். 38 வயதில் சேத்ரி அதை ஏற்றுக்கொண்டு, இறங்கிய நேரத்தில் எல்லாம் உயிரைக் கொடுத்து ஆடினார்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். 90 நிமிடம் கோல் இல்லை. அழகான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். பயந்து பயந்து ஆடிய ஆட்டம். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற நினைப்பு இரண்டு பக்கத்துக் கால்களிலும் தெரிந்தது. கூடுதல் நேரம் தொடங்கியது. 96ஆவது நிமிடம். பெனால்டி பாக்ஸுக்குச் சற்று வெளியே சேத்ரியைத் தட்டிவிட்டார்கள். நடுவர் கிரிஸ்டல் ஜான் ஃப்ரீ கிக் கொடுத்தார். பிளாஸ்டர்ஸ் ஆட்டக்காரர்கள் பந்தை மறிக்க வரிசையாக நின்று சுவர் கட்டத் தயாராகிறார்கள். கோல்கீப்பர் பிரப்சுகன் கில் முன்னே வந்து ஆட்களை நிறுத்திக்கொண்டிருக்கிறார். சேத்ரி பந்தைத் தூக்கி விட்டார். காலி வலைக்குள் விழுந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு கணம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. அப்புறம் நடுவர் கோல் என்று கை காட்டியதும் வெடித்த சத்தம் இருக்கிறதே, அதை வார்த்தையில் அடக்க முடியாது. முன்பின் தெரியாதவரைக் கட்டிப்பிடித்தேன். தொண்டை கட்டும் வரை கத்தினேன். எதிரே மஞ்சள் பகுதி முழுவதும் எழுந்து நின்று கைகளை ஆட்டுகிறது. கீழே பிளாஸ்டர்ஸ் ஆட்டக்காரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அதன்பின் அவர்களுடைய பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் மைதானத்துக்குள் வந்து, தன் ஆட்களை வெளியே வரச் சொன்னார். அவர்கள் போனார்கள். திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு சுமார் 20 நிமிடம் மைதானத்தில் எங்கள் அணி மட்டும் நின்றது. பந்து தட்டினார்கள், தண்ணீர் குடித்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாங்கள் முதலில் கேலிப்பாட்டுப் பாடினோம். பிறகு அதுவும் அடங்கியது. முடிவில் நடுவர் விசில் ஊதினார், பெங்களூரு வென்றதாக அறிவித்தார்கள். கைதட்டினோம். பிளே-ஆஃப் வெற்றிக்குக் கொடுக்கிற கைதட்டல் அது இல்லை என்பது எங்களுக்கே தெரிந்தது.

அந்த கோல் செல்லும். அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. கால்பந்து விதிகளின்படி ஃப்ரீ கிக் கிடைத்த அணி, பந்து அசையாமல் இருந்தால் உடனே உதைக்கலாம். விசிலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. சுவர் கட்டிக்கொள்ள எதிரணிக்கு உரிமை என்று ஒன்று விதியில் கிடையாது. 9.15 மீட்டர் தள்ளி நிற்பது எதிரணியின் கடமை. அதை நடுவர் அளந்து அமல்படுத்தத் தொடங்கினால்தான் விசில் வரும் வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும். பிளாஸ்டர்ஸின் வாதமே அங்கேதான் இருந்தது: நடுவர் நுரை ஸ்பிரேயை எடுத்து இடத்தைக் குறித்துவிட்டார், ஆகவே விசில் ஊதியிருக்க வேண்டும் என்றார்கள். அற்ப வாதம் என்று அதைத் தள்ள மாட்டேன். சேத்ரி ஆட்டம் முடிந்ததும் தன் பக்கத்தைச் சொன்னார். விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் சொன்னாராம். பக்கத்தில் நின்ற பிளாஸ்டர்ஸ் ஆட்டக்காரர் லூனாவுக்கு அது கேட்டதாம், அதனால்தான் லூனா முதலில் குறுக்கே வந்தாராம். குறுக்கே வந்த ஆளுக்கு ஆபத்து புரிந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிப்பட்ட கோல் உலகத்துக்குப் புதிதும் இல்லை. 2004 டிசம்பரில் ஆர்சனலின் தியரி ஆன்றி, செல்சிக்கு எதிராக நடுவரிடம் கேட்டுக்கொண்டு, செல்சி கீப்பர் பீட்டர் செக் சுவரைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே அடித்தார். 2007 பிப்ரவரியில் சாம்பியன்ஸ் லீகில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ரயன் கிக்ஸ், பிரான்சின் லீல் அணிக்கு எதிராக அப்படியே அடித்தார். அன்றும் லீல் ஆட்டக்காரர்கள் கோபத்தில் கோட்டுக்கு வெளியே போகத் தொடங்கினார்கள். ஆனால் திரும்பி வந்து மீதி ஆட்டத்தை ஆடி முடித்தார்கள். 1-0 என்று தோற்றார்கள். பிறகு புகார் கொடுத்தார்கள், அது தள்ளுபடியானது. எல்லாம் அந்தந்த வரிசையில் நடந்தது.

என் மனக்குறை இந்த இடத்தில்தான். கோல் விழுந்தது 96ஆவது நிமிடத்தில். ஆட்டம் 120 நிமிடம். இன்னும் 24 நிமிடம் மீதி இருந்தது, அதாவது பிளாஸ்டர்ஸுக்கு ஒரு கோல் போட 24 நிமிடம். லூனா இருந்தார், அந்த சீசனில் கோல்களாகக் குவித்த கிரேக்கர் டியாமன்டாகோஸ் இருந்தார். கோபத்தோடு ஒரு அணி ஆடினால் எப்படி ஆடும் என்பது ரசிகர்களுக்குத் தெரியும். அந்த 24 நிமிடத்தில் எங்கள் கீப்பர் குர்ப்ரீத் எத்தனை பந்தைத் தட்டியிருப்பார், முன்பு மஞ்சள் சட்டையின் கேப்டனாக இருந்து அப்போது எங்களுக்காக நின்ற சந்தேஷ் ஜிங்கன் எத்தனை பந்தைத் தலையால் முட்டி வெளியேற்றியிருப்பார்! நாங்கள் நகத்தைக் கடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, நெஞ்சு படபடக்க நின்றிருப்போம். பிளே-ஆஃப் என்றால் அந்தப் படபடப்புதான். ஒரு ரசிகன் டிக்கெட் வாங்குவது அதற்குத்தான். அதை எங்களிடமிருந்தும் எடுத்துவிட்டார்கள், கேரளத்திலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்த தங்கள் ரசிகர்களிடமிருந்தும் எடுத்துவிட்டார்கள். சீசன் முழுக்கக் கூட வந்தவர்களுக்கு, தோற்றாலும் போராடித் தோற்றோம் என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி வேண்டாமா?

அன்று இரவு கப்பன் பார்க் மெட்ரோ நிலையத்தில் இரண்டு நிறச் சட்டைகளும் கலந்து நின்றோம். வழக்கமாக அங்கே காது கிழியும். அன்று வாக்குவாதத்துக்குக்கூட ஆள் இல்லை. எதை வைத்து வாதாடுவது? எங்களிடம் அரை ஆட்டம்தான் இருந்தது.

பிளாஸ்டர்ஸ் ஆட்டத்தைத் திரும்ப நடத்தக் கேட்டது. இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்குக் குழு மறுத்துவிட்டது. மாத இறுதியில் தண்டனையும் வந்தது: கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பகிரங்க மன்னிப்புக் கேட்கவில்லை என்றால் 6 கோடி. இவானுக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் அபராதமும். கிளப்பும் இவானும் வருத்தம் தெரிவித்தார்கள். மேல்முறையீடும் தோற்றது. வெளிநடப்புக்குத் தண்டனை வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 2012 டிசம்பரில் கொல்கத்தா டெர்பியில் மோகன் பகான் இரண்டாம் பாதிக்கு இறங்க மறுத்தபோது, அவர்களுடைய ஆட்டக்காரர் நபி கல்லடி பட்டிருந்தார். அப்படியிருந்தும் கடைசியில் 2 கோடி அபராதமும் புள்ளி இழப்பும் விழுந்தன. ஆனால் தண்டனையோடு நிறுத்திக்கொண்டது தவறு. நடுவர்கள் மீது இவ்வளவு அவநம்பிக்கை எப்படி வந்தது என்று சம்மேளனம் தன்னையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நாட்டின் முதன்மை லீகின் பிளே-ஆஃபில்கூட வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் விஏஆர் இல்லாமல் ஒரு நடுவரைத் தனியாக நிறுத்திவிட்டு, எல்லாப் பழியையும் அவர் தலையில் இறங்க விட்டது எனக்கு இன்னும் வலிக்கிறது. சேத்ரியையும் விடவில்லை. நாட்டுக்காக அத்தனை கோல் போட்ட மனிதரை ஏமாற்றுக்காரர் என்று எழுதினார்கள். விசில் ஊதும் முன்பே யோசிக்கிற அந்த வேகம்தான் அவரைச் சேத்ரி ஆக்கியது.

அரையிறுதியில் மும்பையை வென்றோம், பெனால்டியில் 9-8. கடைசி உதையை வலைக்குள் அனுப்பியவர் ஜிங்கன். மார்ச் 18 அன்று கோவாவில் நடந்த இறுதிப் போட்டியில் மோகன் பகானிடம் பெனால்டியில் 4-3 என்று தோற்றோம். அந்தத் தோல்வி சுட்டது, ஆனால் முழுதாக ஆடித் தோற்றதால் ஆறிவிட்டது.

பிளாஸ்டர்ஸோடு கணக்கு அவ்வளவு எளிதாகத் தீரவில்லை. அடுத்த சீசனின் முதல் ஆட்டமே கொச்சியில், செப்டம்பர் 21, அவர்களோடு. 2-1 என்று வென்றார்கள், லூனா ஒரு கோல் போட்டார். ஆனால் இவான் தடையில் இருந்தார். சேத்ரி சீனாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடிக்கொண்டிருந்தார். அதே நாளில் அங்கே பங்களாதேஷுக்கு எதிராக ஒரு பெனால்டியும் போட்டார். பழைய சண்டையின் இரண்டு நாயகர்களும் இல்லாத அந்த ஆட்டத்தைப் பழிவாங்கல் என்று கொச்சி கொண்டாடியது. கொண்டாடட்டும், வென்றவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

2024 மார்ச் 2 அன்று இவான் மறுபடி கண்டீரவாவுக்கு வந்தார். ஏறக்குறைய ஒரு வருடம். அதே மைதானம், அதே இரண்டு நிறங்கள். 89ஆவது நிமிடம் வரை கோல் இல்லை. அப்போது எங்கள் ஹாவி ஹெர்னாண்டஸ் அடித்தார். அதன் பிறகு இருந்த நேரம் முழுவதும் மஞ்சள் சட்டைகள் எங்கள் கோலை நோக்கி வந்துகொண்டே இருந்தார்கள். நானும் பக்கத்திலிருந்த பையனும் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம். இறுதி விசில் ஊதியதும் கத்தினோம். மறுநாள் காலை டீக்கடையில் சேட்டன் ஆஃப்சைடு, ஃபவுல், நடுவர் என்று ஆரம்பித்தார். நானும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாதத்தில் இறங்கினேன்.

வணக்கம்.