நிறுத்துவதா, மீட்பதா? கண் நோய் ஆராய்ச்சிகளைப் பற்றி ஒரு பேச்சு

அனைவருக்கும் வணக்கம். பின்வரிசையில் இருப்பவர்களுக்கும் கேட்கிறதா? சரி.

"பார்வை இழந்தவர்களுக்கு மீண்டும் பார்வை" என்று ஒரு செய்தி அடிக்கடி நம் கைப்பேசியில் வந்து விழுகிறது. விழித்திரை நோய்க்கு வைத்தியம் செய்கிறவன் என்பதால், அதை என்னிடம் காட்டி, "டாக்டர், இது எனக்குச் சரிப்பட்டு வருமா?" என்று கேட்பவர்கள் நிறைய. வேறு ஏதோ நோய்க்கான ஆராய்ச்சியாக இருக்கும், அல்லது எலிகளில் நடந்ததாக இருக்கும். அவர்கள் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்வது சுலபமல்ல.

ஆகவே ஒரு கேள்வியை உங்களிடம் கொடுத்துவிட்டுத் தொடங்குகிறேன். எந்தக் கண் சிகிச்சையைப் பற்றிப் படித்தாலும், இது போன பார்வையைத் திருப்பித் தருகிறதா, அல்லது இருக்கிற பார்வை போகாமல் நிறுத்துகிறதா என்று கேளுங்கள். தலைப்புச் செய்தியில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். நோயாளிக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கண்ணின் முன்பகுதியில் கெட்டுப்போனதை எடுத்துவிட்டு மாற்று வைக்க முடியும். புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கிறோம். கருவிழி மங்கினால் தானமாக வந்த கருவிழியைப் பொருத்துகிறோம். பின்பகுதியில் இருக்கும் விழித்திரையும் பார்வை நரம்பும் அப்படியல்ல. அவை மூளையின் நீட்சிகள். அங்கே செத்த செல் செத்ததுதான், தானாக முளைக்காது. அதனால் பின்பகுதி நோய்களில் இதுவரை வந்த வெற்றிகளில் பெரும்பாலானவை, செல் சாவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்ததால் கிடைத்தவை.

அவற்றில் பெரியது கண்ணுக்குள் போடும் ஊசி. "கண்ணுக்குள்ளேயா?" என்று எல்லோரும் முகம் சுளிப்பார்கள். அதன் கதை புற்றுநோயில் தொடங்குகிறது. கட்டி வளர வேண்டுமானால் தனக்கென்று புது ரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்ள வேண்டும், அதைத் தடுத்தால் கட்டியைத் தடுக்கலாம் என்று 1971ல் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் எழுதினார். அன்று அதைப் பெரிதாக மதித்தவர்கள் குறைவு. குழாய்களை வளரத் தூண்டும் வி.இ.ஜி.எஃப் என்ற புரதத்தை 1989ல் நெப்போலியோனே ஃபெராராவும் உடன் பணியாற்றியவர்களும் பிரித்தெடுத்தார்கள். அதை முடக்கும் பெவாசிஸுமாப் என்ற மருந்து 2004ல் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது.

இதற்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவுக்கு அடியில் இதே புரதத்தின் தூண்டுதலால் வேண்டாத குழாய்கள் முளைப்பதுதான் முதுமையில் வரும் ஈர வகை மாகுலா நோய். அந்தக் குழாய்கள் கசியும், ரத்தம் கொட்டும். 2005ல் அமெரிக்காவின் மயாமியில் ஃபிலிப் ரோசன்ஃபெல்ட் என்ற கண் மருத்துவர், அந்தப் புற்றுநோய் மருந்தில் துளியளவு எடுத்து நோயாளியின் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார். வீக்கம் வடிந்தது. அடுத்த ஆண்டே கண்ணுக்கென்று தயாரான ரானிபிஸுமாப் அனுமதி பெற்றது. அதன் சோதனையில் ஓராண்டு முடிவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பார்வை பெரிதாகக் குறையவில்லை. மூன்றில் ஒருவர் எழுத்து அட்டையில் மூன்று வரி கூடுதலாகப் படித்தார். அதற்கு முன்பிருந்த சிகிச்சைகள் எல்லாம் வேகத்தைக் குறைத்தன, அவ்வளவுதான்.

இங்கே மட்டும் பார்வை எப்படித் திரும்பியது? நீரில் மூழ்கிக் கிடந்த செல்கள் இன்னும் சாகவில்லை. நீர் வடிந்ததும் மறுபடி வேலை செய்தன. தழும்பு விழுந்த பிறகு அதே ஊசியைப் போட்டால் பயன் மிகக் குறைவு. அதனால்தான் வயதானவர்களிடம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சன்னல் கம்பியையோ கோடு போட்ட தாளையோ பார்க்கச் சொல்கிறோம். நேர்க்கோடு நெளிந்து தெரிந்தால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. சில நாட்களுக்குள் விழித்திரை மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும்.

பெவாசிஸுமாபும் ரானிபிஸுமாபும் ஒரே நிறுவனத்தின் மருந்துகள், விலையில் மட்டும் பெரிய இடைவெளி, பெவாசிஸுமாப்தான் மலிவு. இரண்டும் சமமா என்று பார்க்க அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனம் தன் பணத்தில் ஒரு சோதனை நடத்தியது. 2011ல் முடிவு வந்தது. பார்வையைப் பொறுத்தவரை இரண்டும் சமம். 2013ல் உலக சுகாதார நிறுவனம் பெவாசிஸுமாபைக் கண்ணுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. என்னைக் கேட்டால், கண் மருத்துவத்தில் நடந்த மிகப் பயனுள்ள சோதனைகளில் இதுவும் ஒன்று. எந்தப் புது மருந்தும் கண்டுபிடிக்காமலே நிறையப் பேருக்குச் சிகிச்சையை எட்டவைத்தது. ஒரு குப்பி மருந்தைப் பல சிறு ஊசிகளாகப் பிரிப்பதால் அதில் கிருமி சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

அந்த ஊசி எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், பாதிப் பயம் போகும். மரத்துப்போகச் சொட்டு விடுவார்கள். அயோடின் கரைசலால் கண்ணைக் கழுவுவார்கள், ஊசியைவிட அதுதான் எரியும். இமை மூடாமலிருக்க ஒரு கம்பிக் கிளிப். கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழி வழியாக மெல்லிய ஊசி இறங்கும். உள்ளே போவது 0.05 மில்லி. சில நொடிகளில் முடிந்துவிடும். அன்று முழுவதும் ஒரு கறுப்புக் குமிழ் கண்முன் மிதப்பது போலத் தெரியலாம், அது காற்று. வலியும் சிவப்பும் கூடிக்கொண்டே போய்ப் பார்வையும் மங்கினால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றே போக வேண்டும்.

சிக்கல், இதைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருப்பது. அழைத்து வர ஆள் இல்லை, இப்போது நன்றாகத்தான் தெரிகிறது என்று பாதியில் நின்றுவிடுகிறார்கள். இப்போதைய ஆராய்ச்சியின் பெரும்பகுதி இடைவெளியை நீட்டுவதில்தான். 2022ல் வந்த ஃபாரிசிமாப் இரண்டு புரதங்களை ஒரே சமயத்தில் முடக்குகிறது. ஏற்கெனவே இருந்த அஃப்லிபெர்செப்ட் என்ற மருந்தின் கூடுதல் அளவு, 8 மில்லிகிராம், 2023ல் வந்தது. பலருக்கு மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒரு ஊசி போதும் என்ற நிலை இவற்றால் வந்திருக்கிறது.

உலர் வகை மாகுலா நோய்க்கு இந்த ஊசிகள் பயன்படாது. அங்கே கசிவு கிடையாது, செல்கள் திட்டுத்திட்டாகத் தேய்ந்து மறைகின்றன. 2023ல் அமெரிக்காவில் இதற்கு இரண்டு மருந்துகள் அனுமதி பெற்றன. பெக்செட்டகோபிளான் ஒன்று, அவாசின்காப்டாட் பெகால் மற்றொன்று. தேய்ந்த திட்டு பரவும் வேகத்தை இவை குறைக்கின்றன. படத்தில் அளந்தால் வித்தியாசம் தெரியும், போட்டுக்கொண்டவருக்கு எதுவும் தெரியாது. ஐரோப்பிய மருந்து முகமை பெக்செட்டகோபிளானுக்கு அனுமதி மறுத்ததற்கும் அதுவே முக்கியக் காரணம். அமெரிக்கா தந்த அனுமதியையும் நான் குறை சொல்லமாட்டேன், ஐரோப்பா மறுத்ததையும் குறை சொல்லமாட்டேன். நோயாளிக்கு முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், இதே உலர் வகை நோய்க்காக, 2025 அக்டோபரில் ஆய்வு முடிவு வெளியான பிரிமா சிப். 'மீட்பது' என்ற பக்கத்தில் நான் துணிந்து வைக்கக்கூடிய சிலவற்றில் இது ஒன்று. ஸ்டான்ஃபோர்டில் டேனியல் பலாங்கர் வடிவமைத்தது. 2 மில்லிமீட்டர் சதுரம், தடிமன் முடியைவிடக் குறைவு, 378 புள்ளிகள். ஒளியை உணரும் செல்கள் செத்துப்போன இடத்தில், விழித்திரைக்கு அடியில் இதைச் செருகுகிறார்கள். கண்ணாடியில் உள்ள கேமரா எடுக்கும் காட்சியை அதே கண்ணாடி அகச்சிவப்பு ஒளியாக உள்ளே பாய்ச்சுகிறது. சிப் அந்த ஒளியையே மின்சாரமாக்கி, செத்த செல்களுக்கு அடுத்த அடுக்கில் உயிரோடு இருக்கும் செல்களைத் தூண்டுகிறது. வயர் இல்லை, பேட்டரியும் கண்ணுக்குள் இல்லை.

ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் 38 பேருக்கு வைத்தார்கள். ஓராண்டு முடிவில் பரிசோதனைக்கு வந்த 32 பேரில் 26 பேருக்கு எழுத்து படிக்கும் திறன் குறிப்பிடத்தக்க அளவு கூடியிருந்தது. நடுப்பார்வை அறவே போனவர்கள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். பெரிய விஷயம்தான். ஆனால் அது நாம் பார்க்கும் பார்வை அல்ல. நிறம் கிடையாது, முகம் அடையாளம் தெரியாது. எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும், அதற்கே மாதக்கணக்கில் பயிற்சி. சிலருக்குக் கண் அழுத்தம் ஏறியது, சிலருக்கு விழித்திரையில் கிழிசல். பெரும்பாலும் சரியாகிவிட்டன.

இதில் இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. 2013ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரையை உலகெங்கும் 350 பேருக்கு மேல் பொருத்திக்கொண்டார்கள். தயாரித்த நிறுவனம் 2019 வாக்கில் அதைக் கைவிட்டுவிட்டது. கருவி பழுதானால் சரிசெய்ய ஆள் இல்லை, உதிரிபாகமும் இல்லை. கண்ணுக்குள் இருப்பதைப் பழைய வானொலி போல ஓரமாகத் தூக்கி வைக்க முடியுமா? புது சிப்பைப் பற்றிக் கேட்கும்போது, பத்து வருடம் கழித்து இதை யார் பராமரிப்பார்கள் என்றும் கேட்க வேண்டும்.

மரபணு சிகிச்சைக்கு வருகிறேன். ஆர்.பி.இ.65 என்ற ஒரு மரபணு பழுதானால் குழந்தைப் பருவத்திலேயே பார்வை போகத் தொடங்கும். பழுதில்லாத மரபணுவை ஒரு வைரஸின் முதுகில் ஏற்றி விழித்திரைக்கு அடியில் செலுத்தும் சிகிச்சை 2017 டிசம்பரில் அமெரிக்க அனுமதி பெற்றது. ஜீன் பென்னட், ஆல்பர்ட் மக்வயர் தம்பதியின் உழைப்பு அது. மனிதர்களுக்கு முன்னால், இதே குறையோடு பிறந்த பிரியார்ட் இன நாய்களுக்குப் பார்வை வந்தது. மங்கிய வெளிச்சத்தில் தட்டுத்தடுமாறிய பிள்ளைகள் தாங்களே வழி பார்த்து நடந்தார்கள். இங்கேயும் அதே நிபந்தனைதான், செல் உயிரோடு இருக்க வேண்டும். பரம்பரை விழித்திரை நோய்களுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் காரணமாகின்றன, இந்த மருந்து அவற்றில் ஒன்றுக்கு. 'மரபணு சிகிச்சை வந்துவிட்டது' என்று படித்துவிட்டு ஓடிவருகிறவர்களை, எந்த மரபணு என்று முதலில் பரிசோதித்துக்கொள்ளச் சொல்கிறோம். பல ஆய்வுகளில் சேரவே அந்தப் பரிசோதனை முடிவு வேண்டும்.

இனி கண் அழுத்த நோய், அதாவது குளுக்கோமா. இதில் போன பார்வையை மீட்க இன்று வழி இல்லை. வலிக்காது, ஓரப் பார்வை முதலில் தேய்வதால் வெகுகாலம் தெரியவும் தெரியாது. சொட்டு மருந்தை ஆயுள் முழுக்க விடச் சொல்கிறோம். எந்த அறிகுறியும் இல்லாத நோய்க்கு எத்தனை பேர் தினமும் மறக்காமல் விடுவார்கள்? பிரிட்டனில் 718 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சொட்டு மருந்தும் மறு பாதிக்கு முதலிலேயே லேசரும் கொடுத்துப் பார்த்தார்கள். 2019ல் முடிவு வந்தது. கண்ணுக்குள் இருக்கும் நீர் வடியும் வலையைச் சில நிமிடங்களில் தூண்டிவிடும் அந்த லேசருக்குப் பிறகு, மூன்று ஆண்டு முடிவில் நான்கில் மூன்று பேருக்குச் சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. சிலருக்கு இரண்டாம் முறை செய்ய வேண்டியிருந்தது. 2022ல் பிரிட்டனின் சிகிச்சை வழிகாட்டி லேசரை முதல் சிகிச்சையாக மாற்றியது. இதைப் பற்றி எந்தப் பரபரப்புச் செய்தியும் உங்களுக்கு வந்திருக்காது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ குளுக்கோமா இருந்தால், கண்ணாடி மாற்றப் போகும்போது பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் படத்தைக் கணினி தானே பார்த்து, விழித்திரை நோய் இருக்கிறதா என்று சொல்லும் முறைக்கு 2018ல் அமெரிக்கா முதல் அனுமதி தந்தது. ஆய்வகத்தில் அது மருத்துவருக்கு இணையாக இருக்கிறது. தாய்லாந்தின் சுகாதார நிலையங்களில் இப்படி ஒரு மென்பொருளைப் பயன்படுத்திப் பார்த்தபோது, ஐந்தில் ஒரு படத்தைத் தெளிவில்லை என்று அது திருப்பி அனுப்பிவிட்டது. காரணங்களில் ஒன்று, அறை போதுமான அளவு இருட்டாக இல்லை. இன்னொரு செய்தி, ஸ்காட்லாந்தில் 1151 பேரிடம் நடந்து 2024ல் வெளியான ஆய்வு. ரத்தக் கொழுப்புக்குப் பல பத்தாண்டுகளாகத் தரப்படும் ஃபெனோஃபைப்ரேட் மாத்திரை, ஆரம்ப நிலை சர்க்கரை விழித்திரை நோய் முற்றும் அபாயத்தை 27 சதவீதம் குறைத்தது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் தர வேண்டும், கடையில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரை அல்ல.

கடைசியாக, முன்வரிசையில் ஒருவர் பேச்சுக்கு முன்பே கேட்ட கேள்வி. "ஸ்டெம் செல் போட்டுக்கொள்ளலாமா?"

ஸ்டெம் செல் என்றால் வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல். ஸ்டெம் செல் அல்லாவிட்டாலும், ஆய்வகத்தில் வளர்த்த செல்களால் சில இடங்களில் உண்மையாகவே பலன் கிடைத்திருக்கிறது. ஜப்பானில் ஷிகேரு கினோஷிதா குழு, தானக் கருவிழியின் உள்ளடுக்குச் செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, கண்ணுக்குள் ஊசியால் செலுத்தியது. செல்கள் போய் ஒட்டிக்கொள்ள நோயாளி மூன்று மணி நேரம் குப்புறப் படுத்திருக்க வேண்டும். 2018ல் 11 பேரின் முடிவை வெளியிட்டார்கள், 2023ல் ஜப்பான் அனுமதித்தது. ஒரு தானக் கருவிழி பலருக்குப் பயன்படும் வழி இது. ஆனால் இது கருவிழியில், முன்பகுதியில்.

விழித்திரைக்கு வந்தால் கதை வேறு. 2017ல் ஒரு மருத்துவ இதழில் மூன்று பெண்களைப் பற்றிய அறிக்கை வந்தது. வயது 72 முதல் 88 வரை, மூவருக்கும் மாகுலா நோய். அமெரிக்காவில் ஒரு தனியார் மருத்துவமனையில், அவர்களுடைய வயிற்றுக் கொழுப்பிலிருந்தே எடுத்த செல்களை 'ஸ்டெம் செல்' என்று கண்ணுக்குள் செலுத்தினார்கள். இரண்டு கண்ணிலும், ஒரே நாளில். ஒவ்வொருவரும் 5000 டாலர் கட்டியிருந்தார்கள். விழித்திரை பிய்ந்தது, ரத்தக் கசிவு ஏற்பட்டது, இருந்த பார்வையும் போயிற்று. ஆராய்ச்சி என்று நம்பித்தான் போனார்கள்.

முறையான ஆய்வில், நிரூபணமாகாத சிகிச்சையை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் செய்யமாட்டார்கள். சேருகிறவரிடம் அந்தச் சிகிச்சைக்குப் பணம் வாங்குவதும் வழக்கமில்லை. ஆய்வின் பதிவு எண்ணைக் கேட்டால் தயங்காமல் தருவார்கள். உங்களிடம் யாராவது இப்படி ஒரு சிகிச்சையைச் சொன்னால் இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டு, கையெழுத்துப் போடுவதற்கு முன் வேறொரு விழித்திரை மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.